“ரெஸ்ட் எடுங்கப்பா”

முதலிலேயே ஒரு டிஸ்கி. அடியேன் டாக்டர் இல்லை. கொல்கத்தாவில் இருபத்தைந்து வருஷமாகக் குப்பை கொட்டும் சாதாரண இன்ஜினியர். கீழே இருப்பது ஒரு மகன் தன் தப்பைப் புரிந்துகொள்ளத் தேடிப் படித்த சரித்திரம். வைத்தியத்துக்கு உங்கள் டாக்டர்தான்.

ஊரை விட்டு வந்த நம் எல்லோர் வீட்டிலும் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு போன் உண்டு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா... கடைசியில் ஒரு முத்தாய்ப்பு: “சரிப்பா, ரெஸ்ட் எடுங்க.” ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பெற்றவர்களுக்கு நம்மால் தர முடிந்த ஒரே வைத்தியம் அது. செலவில்லை, பாசமும் தெரியும். என் அப்பாவுக்கு ஐந்து மாதம் அந்த மருந்தைத் தவறாமல் கொடுத்தேன். அதன் பலன் என்னவென்று தீபாவளிக்கு மயிலாடுதுறை போனபோது பார்த்தேன். ஈசிசேரிலிருந்து எழுந்திருக்க அப்பாவுக்கு இரண்டு கைப்பிடியும் அம்மாவின் தோளும் வேண்டியிருந்தது. வேட்டிக்குக் கீழே கால் குச்சியாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன வாத்தியாரின் கால் அது!

அப்பாவுக்கு வந்தது ஹார்ட் ஃபெயிலியர். தமிழில் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். பேரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது போலப் பதறிவிடுகிறோம். நிற்கவில்லை. பம்ப் பலவீனமாகிவிட்டது, உடம்பு கேட்கும் ரத்தத்தை அதனால் சிரமமில்லாமல் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், படுத்தால் இருமல் வரும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ‘ஓய்வு’ என்று ஒரு வார்த்தை இருந்தது. எத்தனை நாள், எவ்வளவு ஓய்வு, ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தினம் ஜபித்தேன்.

அப்புறம் வேறொரு இதய மருத்துவரிடம் போனோம். எக்கோ பார்த்தார், மாத்திரைகளைச் சரிசெய்தார், கடைசியில், “இவரை யார் நடக்கவேண்டாம்னு சொன்னது?” என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

கொல்கத்தா திரும்பிய பிறகு தேட ஆரம்பித்தேன். இதயம் கெட்டால் படுத்துக்கொள் என்று முதலில் சொன்னது யார்? எழுந்து நட என்று மாற்றியது யார்? இனி கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள்.

* * *

ஆச்சரியம் என்னவென்றால் ஆரம்பத்தில் ஓய்வு இல்லை, மரம் அறுப்பது இருந்தது! நெஞ்சுவலியை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768ல் பேசியது, 1772ல் அச்சானது. அவர் இறந்தபின் 1802ல் வெளிவந்த குறிப்புகளில் ஒரு நோயாளி வருகிறார். தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டாராம், கிட்டத்தட்டக் குணமாகிவிட்டாராம். ஏன் என்று ஹெபர்டனுக்குத் தெரியாது. பார்த்ததை எழுதிவைத்தார். 1880களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஓர்ட்டெல் என்பவர் இதய நோயாளிகளை அளவு போட்டு மேட்டில் நடக்கவைத்தார்.

பிறகு காற்று திசை மாறியது. 1912ல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பு வந்தவர்களும் பிழைக்கலாம் என்று காட்டினார். பெரிய விஷயம். ஆனால் கூடவே முழு ஓய்வையும் வற்புறுத்தினார். 1939ல் பாஸ்டனில் இறந்தவர்களின் இதயங்களைச் சோதித்தவர்கள், காயம் ஆறித் தழும்பாக ஏறக்குறைய ஆறு வாரம் ஆகிறது என்று கண்டார்கள். ஆறு வாரம் என்ற கணக்கு அதோடு கெட்டிப்பட்டது. தானாகச் சாப்பிடக்கூடாது, தானாகத் திரும்பிப் படுக்கக்கூடாது. ஸ்பூனில் ஊட்ட ஒரு நர்ஸ். இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, பயம்தான். கை வைக்கத் தெரியாத இடத்தில் மனுஷன் சொல்லும் முதல் யோசனை ‘சும்மா இரு’ என்பது. என் எட்டரை மணி போனிலும் அதே பயம்தான் இருந்திருக்கிறது.

இதை உடைத்தவர்கள் இரண்டு பேர், உடைத்த சாமான் ஒரு நாற்காலி. பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் சீடர் பெர்னார்ட் லோனும் மாரடைப்பு வந்தவர்களைச் சீக்கிரமே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். படுத்தால் கால் ரத்தமெல்லாம் இதயத்துக்குத் திரும்பி வேலையைக் கூட்டும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாரம் குறையும் என்பது லெவைனின் வாதம். அந்த ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்களுக்கே இது கொலைபாதகமாகப் பட்டது. லோன் வார்டுக்குள் வந்தால் ஹிட்லர் பாணியில் சல்யூட் அடித்துக் கேலி செய்தார்களாம், அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1952ல் 81 நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததால் ஆபத்து ஒன்றும் வரவில்லை. (அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர் அமைப்புக்கு 1985ல் அமைதி நோபல் கிடைத்ததே, அதை நிறுவியவர்களில் ஒருவர் இதே லோன்தான்.)

மூன்று வருஷம் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு. அவரைப் பார்த்த பால் டட்லி வைட் நடைக்கும் சைக்கிளுக்கும் பெரிய பக்தர். நோயாளி படிப்படியாக எழுந்தார், நடந்தார், கோல்ஃபுக்குத் திரும்பினார், அடுத்த வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தும் விட்டார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்திருந்த ஊருக்கு அது பெரிய பாடம்.

* * *

இங்கே நம்ம கொல்கத்தா வருகிறது.

1953ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் பஸ் ஊழியர்களை எண்ணினார். மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. வந்தாலும் தாமதமாக, உயிருக்கு ஆபத்து குறைவாக வந்தது. கொல்கத்தாவிலும் 1926லிருந்து மாடி பஸ் ஓடியது. பழைய ஆட்கள் இன்னும் அதன் முன்சீட்டுக் காற்றைப் பற்றிப் பேசுவார்கள். இங்கேயும் எத்தனையோ கண்டக்டர்கள் அந்தப் படிகளை ஏறியிருப்பார்கள். எண்ண ஒரு மாரிஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வேறொருவர் வந்தார். சென்னை மெயிலிலோ கோரமண்டலிலோ ஊருக்குப் போகும்போது, வண்டி கிளம்பிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் செங்காயில் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் கடந்துபோகும். ஹவுரா மாவட்டம், ஹூக்ளிக் கரை, சணல் ஆலை. அங்கே லட்லோ சணல் ஆலையின் 213 ஆட்களை ஹார்வர்டின் ஜான் மேயர், பூர்ணிமா ராய், காமாக்ய பிரசாத் மித்ரா மூவரும் ஆராய்ந்து 1956ல் வெளியிட்டார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், என்ன எடை, எவ்வளவு உடலுழைப்பு. உழைப்புக்கு ஏற்பச் சாப்பாடு கூடும் என்றுதானே நினைப்போம்? மூட்டை சுமப்பவர் வரை அது சரியாகவே இருந்தது. ஆனால் வேலை மிகக் குறைந்த முனையில், உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் குறைவாகச் சாப்பிடவில்லை, கூடவே சாப்பிட்டார்கள், எடையும் கூடியிருந்தது. ஓர் அளவுக்குக் கீழே அசைவு போய்விட்டால், பசியும் தன் கணக்கை மறந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. உடற்பயிற்சி பற்றிய எழுத்துகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. எத்தனையோ முறை அந்த ஸ்டேஷனைத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன் :-)

ஓய்வின் விலையைக் கணக்காகவே போட்டுக் காட்டியது 1966ல் டல்லாஸ் நகரம். நல்ல திடகாத்திரமான இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். உடம்பு உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பச் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு! இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வயதுப் பையனுக்கு மூன்று வாரம். எழுபத்துநாலு வயது அப்பாவுக்கு நான் கொடுத்தது ஐந்து மாதம்.

* * *

மாரடைப்புக்காரர்களுக்கு விலங்கு கழன்றாலும், பம்பே பலவீனமான ஹார்ட் ஃபெயிலியர்காரர்களுக்கு 1980கள் வரை கழலவில்லை. தேய்ந்த மோட்டாரை ஓடவிட்டால் எரிந்துபோகாதா என்ற பயம். 1988ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிலரைப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள், தாங்கினார்கள். 1990ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழு 11 நோயாளிகளோடும், 1992ல் 17 பேரோடும் முறையான சோதனை செய்தது. ஒரே ஆளுக்கு எட்டு வாரம் பயிற்சி, எட்டு வாரம் ஓய்வு. பயிற்சி வாரங்களில்தான் ஆள் தெம்பாக இருந்தார், மூச்சு வாங்குவது குறைந்தது. ஓய்வு தோற்றது.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டியது, அந்தப் பயிற்சி நடந்த இடம். ஆஸ்பத்திரியில் இல்லை, நோயாளியின் வீட்டில், நிற்கும் சைக்கிளில். ஆக, வீட்டிலிருந்தே பயிற்சி என்பது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இந்த வைத்தியம் பிறந்ததே ஏறக்குறைய வீட்டில்தான்.

பலவீனமான இதயத்துக்கு நடை எப்படி உதவுகிறது? பெரும்பகுதி லாபம் இதயத்தில் இல்லை, காலில் இருக்கிறது. சும்மா கிடந்த தசை கொஞ்ச ரத்தத்தில் வேலை செய்ய மறந்துவிடும். நாலடி வைத்தாலே ‘ஆக்ஸிஜன் போதவில்லை’ என்று கூக்குரல் போடும், மூச்சும் நாடியும் எகிறும். பழக்கப்பட்ட தசை அதே ரத்தத்தில் அதிகம் இழுக்கும், சத்தம் போடாது. பம்ப் அதேதான். குழாயும் வயலும் சீராகிவிட்டால், வருகிற தண்ணீரே போதுமானதாகிவிடுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கவேண்டாம்.

சரி, தொலைவிலிருந்து பார்ப்பது? அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் வயசு. ஈசிஜியின் தந்தை ஐந்தோவன் 1905லேயே லெய்டன் ஆஸ்பத்திரி நோயாளியின் இதயத்துடிப்பை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு டெலிபோன் கம்பியில் வரவழைத்தார். மெஷினை நகர்த்த முடியாத அளவு கனம், அதனால் துடிப்பை நகர்த்தினார்! 1940களின் கடைசியில் ஹோல்டர் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய 38 கிலோ கருவியை முதுகில் கட்டிக்கொண்டு, நடமாடும் மனிதனின் ஈசிஜியை ரேடியோவில் அனுப்பினார். 1982ல் பின்லாந்தின் போலார் கம்பெனி கம்பியில்லாமல் நாடியைக் கையில் காட்டும் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் ரவீந்திரநாத் தாகூர் இதய மருத்துவமனையும் பெங்களூரு நாராயண ஹ்ருதயாலயாவும் இஸ்ரோவின் செயற்கைக்கோள் உதவியோடு சின்ன ஊர் நோயாளிகளை இங்கிருந்தே பார்க்க ஆரம்பித்தன. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் வெளியாயின.

இரண்டு நூலும் சேர்ந்து முடிச்சான இடங்களில் ஒன்று போலந்து. அங்கே 850 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி, பிறகு எட்டு வாரம் வீட்டருகே கைத்தடி ஊன்றிய நடை. ஈசிஜி செல்போன் வழியாக மையத்துக்குப் போகும். 2020ல் முடிவு வந்தது. தெம்பும் வாழ்க்கைத் தரமும் கூடின. ஆனால் பின்தொடர்ந்த காலத்தில் சாவோ ஆஸ்பத்திரி வாசமோ குறையவில்லை. அதற்குமுன் 2009ல் 2,331 பேரோடு முடிந்த ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்விலும் பயிற்சி பாதுகாப்பானது என்று நிரூபணமானது, லாபம் மிதமானது. சொன்ன அளவு பலர் செய்யவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே ஆயுளைக் கூட்டும் ஆப் என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். தானாக எழுந்து பாத்ரூம் போவது, கோவில் வாசல் வரை நடப்பது, இதெல்லாம் திரும்பக் கிடைக்கலாம். என் அப்பாவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இது மேல்நாட்டு வியாதி என்றும் நினைக்கவேண்டாம். 2013ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரிகளில் ஹார்ட் ஃபெயிலியருக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். சராசரி வயது 61. நம் அப்பா அம்மாக்கள்தான்.

* * *

நிற்க. மயிலாடுதுறைக்கு வருவோம்.

டாக்டர் அனுமதித்த பிறகு கிளினிக் வராந்தாவிலேயே ஆறு நிமிஷ நடைச் சோதனை வைத்தார்கள். ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர், அவ்வளவுதான். 1985ல் கனடாவில் ஹார்ட் ஃபெயிலியர்காரர்களுக்குப் பரீட்சித்து நிலைநாட்டிய எளிய முறை. அப்பா நடுவில் இரண்டு தரம் நின்று 170 மீட்டர் நடந்தார். சென்னையில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், வாரம் இரண்டு நாள் வீடியோவில் வந்தார். அவர் கொடுத்த பயிற்சி அப்பாவுக்கென்றே வெட்டித் தைத்த சட்டை. காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிஷம் திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை நடை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது ஐந்து தரம். சாப்பிட்டவுடன் கூடாது, வெயிலில் கூடாது.

அப்பா பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவதால் நாடி தானாகவே அடங்கியிருக்கும், கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாதாம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் செய்த அளவுகோல் ஒன்று இருக்கிறது, 6லிருந்து 20 வரை. ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது’ என்று நோயாளியே மார்க் போடவேண்டும். 11லிருந்து 13க்குள் இருந்தால் சரி. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு மார்க் போட்ட மனுஷருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது! பழைய வருகைப்பதிவேடு போல ஒரு நோட்டுக்கு ஸ்கேலில் கோடு போட்டார். நடந்த நிமிஷம், சிரம மார்க், காலை எடை, கால் வீக்கம் உண்டா இல்லையா.

எட்டரை மணி போன் மாறியது. “ரெஸ்ட் எடுங்கப்பா” போய், “இன்னிக்கு எத்தனை நிமிஷம்பா?” வந்தது. முதலில் கடுப்பானார். “நான் ஹெட்மாஸ்டர்டா, எனக்கே இன்ஸ்பெக்‌ஷனா?” என்றார். பத்து நாளில் நான் கேட்குமுன் அவரே நோட்டைப் படித்தார்.

ஐப்பசி மழையில் ஒரு வாரம், அந்த நோட்டு தன் விலையைக் காட்டியது. மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது, அதே ஐந்து நிமிஷ நடைக்குச் சிரம மார்க் 12லிருந்து 15. அப்பா, “மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்” என்றார். முந்தைய நானாக இருந்தால், சரி, ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன். பிசியோதெரபிஸ்ட் பயிற்சியை அன்றே நிறுத்தி டாக்டரிடம் பேசச் சொன்னார். உடம்பில் நீர் சேர்ந்திருந்தது. மாத்திரை அளவை மாற்றினார்கள். நாலு நாளில் எடை இறங்கியது, மூச்சும் அடங்கியது. அட்மிஷன் தேவைப்படவில்லை. நடக்கச் சொல்வது மட்டுமல்ல, எப்போது நிற்கவேண்டும் என்று சொல்வதும் பயிற்சிதான் என்று அன்றைக்கு விளங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் என் வாயிலும் இருந்த ஓய்வுக்கு அளவில்லை. இதற்கு அளவு உண்டு.

பன்னிரண்டு வாரம் கழித்து, அதே வராந்தாவில் 265 மீட்டர். ஒரு தரம்கூட நிற்கவில்லை. எக்கோவில் பம்பின் எண் ஏறக்குறைய அதேதான். ஆனால் அன்று சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்கு அம்மாவோடு நடந்துபோய் வந்தார். அம்மா போனில் சொல்லும்போது குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. எனக்கும்தான்.

இப்போது காலையில் நானும் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றுகிறேன். 1920களில் தோண்டிய ஏரி, நம்மவர்கள் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து நடைதூரம். டிசம்பர் வந்தால் குரங்குக் குல்லாய் போட்ட வங்காளத் தாத்தாக்கள் கூட்டம் கூட்டமாக, சிரித்து அரட்டை அடித்துக்கொண்டே நடப்பார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் வேகம் சரியாக இருக்கிறது என்று அந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். தாத்தாக்களுக்கு அது தெரியாமலே தெரிந்திருக்கிறது.

ராத்திரி போனில் அப்பா கேட்கிறார்: “நீ எத்தனை நிமிஷம்?”

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். வாத்தியார்.

பி.கு.: வீட்டில் இதய நோயாளி இருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஓய்வு’ என்று இருந்தால், எத்தனை நாளைக்கு, அதன்பின் என்ன பயிற்சி, எந்த அறிகுறி வந்தால் நிறுத்தவேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் யாரையும் நடக்கவைக்காதீர்கள். கேட்காமல் படுக்கவும் வைக்காதீர்கள்.